தேசிய மகளிர் கால்பந்து, கேரளம் 2021: உடனிருந்தவர்கள், ஆடியவர்கள், பார்த்தவர்கள் பகிருங்கள்

கோவை பிசியோ

2021 நவம்பர் இறுதியில் கேரளத்தில் நடந்த சீனியர் தேசிய மகளிர் கால்பந்துப் போட்டிக்கு, ஒரு சிறிய மாநில அணியின் பிசியோதெரபிஸ்டாகப் போயிருந்தேன். எந்த மாநிலம் என்று சொல்லப்போவதில்லை. அந்தப் பெண்கள் வாங்கிய கோல்களின் எண்ணிக்கையை வைத்து யாரும் அவர்களை எடைபோட வேண்டாம்.

அதற்கு முந்தைய போட்டி 2019 செப்டம்பரில் அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டில் நடந்தது. பிறகு கொரோனா வந்தது, ஒரு பருவம் அப்படியே போய்விட்டது. எங்கள் அணியில் பாதிப் பேருக்கு இரண்டு ஆண்டுகளாக ஒரு முழு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. வீட்டு முற்றத்திலும் வயல் வரப்பிலும் ஓடி உடம்பைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அந்தக் கால்களோடு நேராகத் தேசியப் போட்டிக்கு வந்து நின்றார்கள்.

மொத்தம் 32 அணிகள். நான்கு நான்காக எட்டுப் பிரிவுகள். பிரிவில் முதலிடம் பிடிக்கும் அணி மட்டுமே காலிறுதிக்குப் போகும். முதல் ஆட்டத்தில் தோற்றாலே கதவு முக்கால்வாசி மூடிவிடும். போட்டியை நடத்திய கேரளமே தொடக்கத்தில் மிசோரமிடம் தோற்றுத் தடுமாறியது என்றால், சிறிய அணிகளின் கதி என்ன? மூன்று ஆட்டம், பிறகு ரயில். அவர்களில் பலருக்கு அந்த ஆண்டின் கால்பந்து அவ்வளவுதான்.

எங்கள் இரண்டாவது ஆட்டம் பலமான அணியோடு. இடைவேளைக்கு முன்பே முடிவு தெரிந்துவிட்டது. எங்கள் கோல்கீப்பருக்குப் பின்னங்கால் தசை இறுகிக் கல்லாகிவிட்டது. நான் பாதத்தை மேலே தள்ளிப் பிடித்து நீவிக்கொண்டிருக்கிறேன், அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "டேப் மட்டும் இறுக்கிச் சுற்றுங்கள் அக்கா, மாற்ற வேண்டாம் என்று சாரிடம் சொல்லுங்கள்" என்றாள். மாற்று கோல்கீப்பருக்குப் பதினேழு வயது. இத்தனை கோல் விழும் ஆட்டத்தில் அந்தச் சின்னப் பெண்ணை நிறுத்தினால் அவள் திரும்ப மைதானத்துக்கே வரமாட்டாள் என்பது இவளுடைய கவலை.

ஆட்டம் முடிந்ததும் எதிரணி ஃபார்வர்ட் நேராக எங்கள் கோலுக்கு வந்தாள். அவளே நான்கோ ஐந்தோ போட்டிருப்பாள். கைகுலுக்கிவிட்டுப் போகவில்லை. இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் இந்திதான். பந்தை கோலுக்கு முன்னால் இருக்கும் ஆறு கஜக் கோட்டில் வைத்து, கோல்கீப்பரின் தோளைப் பிடித்து இரண்டடி முன்னே நிறுத்தி, "இங்கே நின்றால் எனக்குக் கோல் கம்பம் தெரியாது" என்று காட்டினாள். மூன்றாவது ஆட்டத்திலும் தோற்றோம். ஆனால் எங்கள் பெண் தன்னந்தனியாக வந்த ஒருத்தியின் பந்தை முன்னேறிப்போய் நெஞ்சால் தடுத்தாள். அந்த நான்கு வார்த்தைப் பேச்சில் கிடைத்த பாடம் அது.

இதே போட்டியில் இருந்தவர்கள் எழுதுங்கள்.

இம்பால் ரசிகன்

இறுதி ஆட்டத்தை யூடியூபில் பார்த்தேன். டிசம்பர் 9, கோழிக்கோடு ஈ.எம்.எஸ். மைதானம், மணிப்பூருக்கும் ரயில்வேக்கும். கூடுதல் நேரத்துக்குப் பிறகும் 0-0. பெனால்டியில் மணிப்பூர் 2-1. இரண்டுக்கு ஒன்று என்றால் எத்தனை பந்து வலைக்குப் போகவில்லை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்! அன்று ஒக்ராம் ரோஷினி தேவி கோலில் நின்ற விதத்தை மறக்க முடியாது. அடிப்பவர் ஓடிவரும்போது அவர் அசையவே இல்லை, கடைசி நொடியில்தான் பாய்ந்தார்.

மணிப்பூருக்கு அது 21-ஆவது பட்டம். ரயில்வே அணியிலும் மணிப்பூர்ப் பெண்கள் ஆடுவது வழக்கம். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்ததும் ரயில்வே ஜெர்சிக்கு மாறிவிடுவார்கள். சம்பளம் வருகிறது, ஆட்டமும் தொடர்கிறது. சொந்த மாநிலத்தை எதிர்த்து ஆடும் மனம் எப்படி இருக்கும் என்று எனக்குக் கேட்க ஆசை.

சேலம் பயிற்சியாளர்

ஒன்றைச் சேர்க்க வேண்டும். இந்தப் போட்டி தொடங்கிய அதே வாரம் இந்திய அணி பிரேசிலின் மனாஸ் நகரில் ஆடிக்கொண்டிருந்தது. நவம்பர் 25 அன்று பிரேசிலிடம் 6-1 என்று தோற்றாலும், மனீஷா கல்யாண் அடித்த கோல் நாடெங்கும் பேசப்பட்டது. முன்னணி வீராங்கனைகள் அங்கே போய்விட்டதால், கேரளத்தில் பல மாநிலங்கள் இளையவர்களை இறக்கின. எனக்கு அதில் வருத்தமில்லை. என் மாணவி ஒருத்திக்கு அந்த இடைவெளியில்தான் முதல் வாய்ப்பு வந்தது.

கடலூர் பழைய ஆட்டக்காரி

பிசியோ அக்கா, மூன்று ஆட்டத்தோடு திரும்பும் வலி எனக்குத் தெரியும். பையை மூட்டை கட்டும்போதுதான் உடம்பு ஆட்டத்துக்குத் தயாராகியிருக்கும்.

அதனால்தான் 2023 ஜூனில் அமிர்தசரஸில் நடந்ததை நான் கொண்டாடுகிறேன். இறுதிச் சுற்றில் 12 அணிகள், ஆறு ஆறாக இரண்டு பிரிவுகள். அங்கே போய்ச் சேர்ந்த ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது ஐந்து ஆட்டம். தமிழ்நாடு இறுதியில் ஹரியாணாவை 2-1 என்று வென்றது. 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை அதே 2-1 என்று வென்ற பிறகு நமக்குக் கிடைத்த இரண்டாவது பட்டம். இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் போன்றவர்களை இந்திய அணிக்குக் கொடுத்த எங்கள் மாவட்டத்தில் அன்று இரவு யாரும் சீக்கிரம் தூங்கவில்லை. விடுதித் தோழிகள் எல்லோரும் தொலைபேசியில் அழுதோம்.

கோவை பிசியோ

அக்கா, ஐந்து ஆட்டம் என்பது பெரிய விஷயம், மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 12-க்குள் வராத அணிகளையும் பாருங்கள், அவர்களுக்கு இன்னும் அதே கதைதான். மாநில லீக்குகள் ஆண்டு முழுக்க நடந்தால்தான் இது தீரும்.

இன்னொன்று. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆட்டம் வைப்பதை நிறுத்த வேண்டும். மதிய வெயிலில் தொண்ணூறு நிமிடம் ஓடிய தசைக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் போதாது. எங்கள் மூன்றாவது ஆட்டத்தில் தசைப்பிடிப்புக்காக மட்டும் திரும்பத் திரும்ப மைதானத்துக்குள் ஓடினேன். எதிரணி பிசியோவும் அப்படித்தான் ஓடினார். ஒரு கட்டத்தில் இருவரும் ஒரே ஐஸ் பெட்டியைப் பகிர்ந்துகொண்டோம். இரண்டு முழுநாள் ஓய்வு கொடுத்தால் போட்டி ஒரு வாரம் நீளும், செலவு கூடும். கூடட்டும். இந்தப் பெண்கள் அதற்குத் தகுதியானவர்கள்.