புதுப்பிப்பு: ஆச்சியின் கழுத்து நிமிர்ந்துவிட்டது

போன ஆடியில் இங்கே கேட்டிருந்தேன். அதற்கு முந்தின தீபாவளிக்கு, காரைக்குடி வீட்டில் அதிரசம் சுடும்போது எண்ணெய்ச் சட்டி சரிந்து ஆச்சிக்குக் கழுத்தும் தாடையும் வெந்துவிட்டன (அக்காவைத்தான் நாங்கள் ஆச்சி என்போம்). புண் ஆறியும் தழும்பு சுருங்கி முகவாயை நெஞ்சோடு இழுக்கிறதே, ஆபரேஷன் வேண்டுமா என்று. நாளானால் சரியாகும் என்றீர்கள் சிலர். ஆகவில்லை.

மார்கழியில் மதுரையில் செய்தோம். இறுகிய தழும்பை வெட்டித் தளர்த்தி, தொடையிலிருந்து எடுத்த தோலை ஒட்டினார்கள். முதல் சில நாள் கழுத்தை அசைக்கவே கூடாது. ஒட்டு நழுவினாலோ அடியில் ரத்தம் கட்டினாலோ தோல் பிடிக்காது. கட்டைப் பிரித்தபோது அது இளஞ்சிவப்பாகப் பிடித்திருந்ததைப் பார்த்து நான் அழுதேவிட்டேன். கழுத்தைவிடத் தொடைதான் ஆச்சிக்கு அதிகம் வலித்தது. அதை முன்கூட்டி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒட்டிய தோலும் சுருங்கப் பார்க்கும். அதனால் குளிக்கும் நேரம் தவிர எப்போதும் கழுத்துப் பட்டை, இறுக்கமான அழுத்த உடுப்பு. இன்னும் பல மாதம். சித்திரை வெயிலில் அதோடு பட்ட பாடு கொஞ்சமில்லை. வெயில் பட்டால் தோல் கறுக்கும் என்பதால் பகலெல்லாம் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள்ளேயே இருந்தார்.

எண்ணெய்ச் சட்டி சரிந்த அன்று பதற்றத்தில் வெந்த இடத்தில் தோசை மாவை அப்பியது நான்தான். அது இன்னும் உறுத்துகிறது. குழாயைத் திறந்து 20 நிமிஷம் தண்ணீர் ஓடவிட்டிருக்க வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் கொப்புடையம்மன் கோயில் வாசலில் ஆச்சி கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்.