கதையில வெட்டின இடத்தைப் பிள்ளை கண்டுபிடிக்கும்: கதை சொல்லுறவையின்ர அனுபவப் பகிர்வு

முன்பள்ளி ஆசிரியை, சுன்னாகம்

கதை நேரத்தில வாற இடறலுகளை இதில எழுதச் சொல்லிக் கேட்டிருக்கினம். முதல் ஒண்டு நான் போடுறன்.

சிவப்புத் தொப்பிப் பிள்ளையின்ர கதையை எடுங்கோ. இலங்கையில ஓநாய் இல்லை. அதால கனபேர் ஓநாயை நரியாக்கிப்போடுவினம். பிழை அதிலதான் துவங்குது. நரி எங்கட பிள்ளையளுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச ஆள். காகத்தைப் பாட வைச்சு வடையை எடுக்கும், எட்டாத முந்திரிகையைப் புளிக்குமெண்டு சொல்லிப்போட்டுப் போகும். ஏமாத்துமே தவிர ஆளை விழுங்காது. "நரி அம்மம்மாவை முழுசா விழுங்கிச்சு" எண்டால் வகுப்பே சிரிக்கும். பயம் வரவேண்டிய இடத்தில சிரிப்பு வந்தால் மிச்சக் கதை எழும்பாது.

ஓநாயை ஓநாயாவே விடுங்கோ. கதைக்கு முதல் இரண்டு வசனம் போதும்: நாய் மாதிரி இருக்கும், ஆனா ஆற்றையும் வளர்ப்பில்லை, தனிய வாற ஆட்டைப் பிடிக்கும். ஓநாய் வாய் திறக்கிற வரைக்கும் படம் காட்ட வேண்டாம். முதலே காட்டினால் பிள்ளையள் பல்லை எண்ணத் துவங்கிவிடுங்கள்.

மூண்டு கரடிக் கதையில இந்தத் தொல்லை இல்லை. வன்னிக் காட்டில கரடி இருக்கு, கஞ்சியும் எல்லா வீட்டிலயும் இருக்கு. நாலு வயசுப் பிள்ளையளுக்கு எட்டுப் பத்து நிமிசத்தில முடிக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர், திருநெல்வேலி

டீச்சர் சொன்னது ஒரே ஒரு சொல்லை மாற்றியதால் வந்த வினை. அதே வகையில் இன்னும் சில இருக்கின்றன.

ஆகக் கூடுதலாகக் குழப்புவது "சித்தி". சிண்டரெல்லாவைக் கொடுமைப்படுத்துகிறவளைச் சித்தி என்று எழுதிய புத்தகங்கள் இங்கே கிடைக்கின்றன. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குச் சித்தி என்றால் அம்மாவின் தங்கச்சி. தாய் தகப்பன் வெளிநாட்டில் இருக்க, சித்தியே சோறு தீத்தி வளர்க்கிற வீடுகள் உண்டு. அந்தப் பிள்ளைக்கு இந்த வாக்கியம் எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள். மாற்றாந்தாய் என்று போட்டால் ஐந்து வயதுக்கு அது வெறும் சத்தம்தான். "அம்மா செத்தபிறகு அப்பா கலியாணம் முடிச்ச ஆள்" என்று ஒருதரம் விளக்கிவிட்டு, பிறகு கதை முழுக்க "அந்த மனிசி" என்று சொல்லிக்கொண்டு போகலாம்.

அடுத்தது பனி. நாங்கள் கண்டது மார்கழிக் காலையில் புல்லில் கிடக்கிற ஈரம். அதற்கு நிறமே இல்லை. பனியைப் போல வெள்ளை என்றால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. ஸ்னோ வைற் கதையில் தாய் பிறக்கப்போகிற பிள்ளைக்கு மூன்று நிறம் கேட்கிறாள்: பனியின் வெள்ளை, இரத்தத்தின் சிவப்பு, யன்னல் சட்டத்தின் கருங்காலிக் கறுப்பு. கருங்காலி எங்கள் நாட்டு மரம். அப்படியே பொருந்துகிற உவமை அது ஒன்றுதான், ஆனால் "இரவைப் போல கறுப்பு" என்று அதைத்தான் முதலில் மாற்றிவிடுகிறார்கள். சில புத்தகங்களில் சிவப்பும் கறுப்பும் போய் வெள்ளை மட்டும் மிஞ்சியிருக்கும். அந்தப் புத்தகத்தை வாசித்து வளர்கிற பெண்பிள்ளை, வெள்ளைத் தோல்தான் வடிவு என்பதைக் கதையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மூன்று நிறத்தையும் சொல்லுங்கள், கறுப்பைக் கடைசியில் வைத்து அழுத்திச் சொல்லுங்கள்.

சிண்டரெல்லாவின் கண்ணாடிச் செருப்பு என்றால் முகம் பார்க்கிற கண்ணாடி ஒட்டின செருப்பை வரைவார்கள். "போத்தல் மாதிரி, கால் வெளியால தெரியும்" என்று சேர்த்தால் சரி. அந்தச் செருப்பு உண்மையில் மென்மயிர்த் தோல், கண்ணாடி என்பது எழுத்துப் பிழை என்று இணையத்தில் சுற்றுகிற விளக்கத்தை நம்பவேண்டாம். 1697இல் பிரான்சின் கதையாசிரியர் பெறோ அச்சிட்டதே கண்ணாடிதான். தோல் என்ற ஊகம் 19ஆம் நூற்றாண்டில் கிளம்பியது.

பதிப்புகளை ஒப்பிட்டு வாசிப்பவர், நல்லூர்

"அந்த மனிசி" நல்ல வழி. ஆனால் வேறு சில கதைகளில் மாற்றாந்தாய் என்பதே இடையில் செருகப்பட்டதுதான்.

ஜேர்மனியின் கிறிம் சகோதரர் தங்கள் கதைத் தொகுப்பின் முதல் தொகுதியை 1812இலும் இரண்டாவதை 1815இலும் வெளியிட்டார்கள். அது அடிக்குறிப்புகளோடு வந்த, ஆய்வாளருக்கான புத்தகம். அதில் ஸ்னோ வைற்றைக் கொல்லச் சொல்பவள் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். ஹன்சல், கிறெற்றல் கதையில் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொல்வதும் பெற்ற தாய்தான். அவள் மாற்றாந்தாய் ஆனது 1840இல். பெற்றவள் இப்படிச் செய்வாளா என்ற கூச்சம், பழியை இரண்டாந்தாரத்தின் தலையில் கட்டிவிட்டது. பிறகு வந்த எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் அந்தச் சொல்லுக்கே பயந்து வளர்ந்தார்கள்.

பிள்ளைகளுக்கென்று 50 கதைகளைப் பொறுக்கிச் சிறிய பதிப்பு போட்டது 1825இல். கடைசியாகத் திருத்திய ஏழாம் பதிப்பு 1857. தமிழில் நாங்கள் வாசிக்கிறவை பெரும்பாலும் இந்தக் கடைசிப் பதிப்பின் வழிவந்தவை, அல்லது 1937 முதல் வந்த டிஸ்னிப் படங்களின் வழிவந்தவை. 1812 வடிவம் வேண்டுமானால் அதன் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு 2014இல் வந்திருக்கிறது.

ஒரு திருத்தத்தைக் கிட்டத்தில் பாருங்கள். ஒரு கிழவி அடைத்துவைத்த கோபுரத்தில் ரபுன்ஸல் இருக்கிறாள், அவளுடைய கூந்தலைப் பிடித்து ஏறி இளவரசன் இரகசியமாக வந்து போகிறான். 1812இல் அவள் கிழவியிடம் கேட்பது, "ஏன் என் சட்டையெல்லாம் இறுகுது?" வயிற்றில் பிள்ளை. கிழவிக்கு உடனே விளங்கிவிடுகிறது. இது பிள்ளைகளுக்கு ஆகாது என்ற முறைப்பாடு வந்தபிறகு கேள்வி மாறுகிறது: "இளவரசனைவிட உங்களை மேலே இழுக்க ஏன் பாரமாய் இருக்கு?" முதல் வடிவத்தில் அவள் ஒன்றும் அறியாத பிள்ளை. இரண்டாவதில் தன் வாயாலேயே இரகசியத்தை உடைக்கிற மொக்கு. ஒழுக்கத்துக்காகச் செய்த வெட்டு அவளுடைய புத்தியைப் பறித்துவிட்டது. அதோடு முடியவில்லை. கடைசியில் வனாந்தரத்தில் அவளோடு இரட்டைப் பிள்ளைகள் இருக்கிறார்கள், 1857இலும் இருக்கிறார்கள். முன்னுக்கு வெட்டியவர்கள் பின்னுக்கு வெட்ட மறந்துவிட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளை "இவை எப்ப பிறந்தவை?" என்று கேட்பது இந்த இடத்தில்தான்.

தமிழ் ஆசிரியர், பருத்தித்துறை

எல்லாரும் ஐரோப்பாவிலயே நிக்கிறியள். எங்கட ஊர்க் கதை ஒண்டு இந்த வழியால வந்ததுதான்.

நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878-1953) பாடின பவளக்கொடி பாட்டு எல்லாருக்கும் தெரியும். பருத்தித்துறைப் பெட்டை, பால் விக்கப் போறாள். பால் வித்த காசில கோழி, முட்டை, குஞ்சு, பிறகு உடுப்பு எண்டு கணக்குப் போட்டுக்கொண்டு போய், பெருமையில தலையை நிமிர்த்த, பால் எல்லாம் கொட்டுண்டு போகுது.

இதின்ர மூத்த வடிவம் பஞ்சதந்திரத்தில இருக்கு. அதில பெட்டையும் இல்லை, பாலும் இல்லை. ஒரு பிராமணன், பிச்சை எடுத்த மாவைப் பானையில போட்டுத் தொங்க விட்டிட்டுக் கீழ படுத்திருக்கிறான். மாவை வித்து ஆடு, பிறகு மாடு, எருமை, குதிரை, பொன், வீடு, கலியாணம், பிள்ளை. பிள்ளையை மனிசி கவனிக்கேல்லை எண்டு கனவில கோவம் வந்து காலால உதைக்கிறான். பானை உடையுது. எட்டாம் நூற்றாண்டில அரபுக்குப் போன வடிவத்தில, மகனைத் திருத்தத் தடியை ஓங்கி, தேன் பானையை உடைச்சுத் தன்ர தலையில ஊத்துறான். 1678இல பிரான்சில கவிஞர் லா பொந்தேன் எழுதேக்க அது தலையில பால் குடத்தோட துள்ளுற பெண்.

இதில என்ன மாறினது எண்டு வடிவாப் பாருங்கோ. கனவு, கணக்கு, உடையிற பாத்திரம் மூண்டும் அப்படியே இருக்கு. குற்றம் மட்டும் மாறிப்போச்சு. முதல்ல, கனவிலயும் மனிசியை உதைக்கிற ஆம்பிளையின்ர கை கால். பிறகு, நல்ல உடுப்புப் போட ஆசைப்பட்ட பெட்டையின்ர மினுக்கு. பஞ்சதந்திரக் கதையில அடி வாங்க இருந்த பெண்ணினமே இப்ப குற்றவாளி!

பாட்டை விடச் சொல்லேல்லை. சந்தமும் சொல்லும் அருமையானது, சின்ன வகுப்பில நடிச்சுப் பாட அதுக்கு ஈடு இல்லை. தரம் 5 அளவில இரண்டையும் பக்கத்தில வைக்கலாம். ஒரு பாடவேளை காணும். கொப்பியில மூண்டு கோடு கீறி, ஆர் கனவு காணுறது, என்னத்தால உடையுது, ஆரில பிழை எண்டு இரண்டு கதைக்கும் நிரப்பச் சொல்லுங்கோ. "படிப்பினை என்ன?" எண்டு முதல்லயே கேட்டிடாதேங்கோ. கேட்டால் முப்பது கொப்பியிலயும் பேராசை கூடாது எண்டு ஒரே வசனம்தான் வரும்.

வாசிகசாலைப் பொறுப்பாளர், அளவெட்டி

கதை மெலிஞ்சு போறதுக்கு அச்சகமும் ஒரு காரணம். மலிவுப் படப் புத்தகம் அநேகமா 16 பக்கம். தலைப்பு, பதிப்பு விபரம் போக 13, 14 பக்கம் மிஞ்சும். பக்கத்துக்கு 40 சொல் எண்டாலும் 560ஐத் தாண்டாது. கிறிமின்ர சிண்டரெல்லா ஆங்கிலத்தில 2,000 சொல்லுக்கு மேல. அப்ப வெட்டத்தான் வேணும். வெட்டுறவை முதல்ல கை வைக்கிறது, திரும்பத் திரும்ப வாற இடத்தில. அங்கதான் கதையின்ர முதுகெலும்பு இருக்கு.

கிறிமில விருந்து மூண்டு நாள். பெறோவில இரண்டு இரவு: முதல் இரவு அவள் பதினொண்டே முக்காலுக்கே கிளம்புறாள், இரண்டாம் இரவுதான் நேரத்தை மறந்து ஓடுறாள். ஒரு இரவாச் சுருக்கினால், சொன்ன நேரத்துக்கு வந்தவள் ஒருநாள் தவறவிட்டாள் எண்ட அந்த நெளிவே இல்லை. இளவரசனும் ஒருக்காப் பாத்த உடன கட்ட வாறான். மூண்டுதரம் வாற கதையில சின்னப் பிள்ளையள் மூண்டாந்தரம் தாங்களே வசனத்தைச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகூட அந்தப் பக்கத்தை விரல் வைச்சு "வாசிக்கும்". அந்தப் பக்கம் இல்லாத புத்தகத்தை ஒருதரம் புரட்டிப்போட்டு வைச்சிட்டுப் போகுங்கள்.

புத்தகம் வாங்கேக்க கடையிலயே பாருங்கோ. நடுப் பக்கத்தைத் திறந்து, ஒரு வசனமாவது திரும்ப வருதோ எண்டு. பிறகு கடைசிப் பக்கம்: கெட்ட ஆளுக்கு என்ன நடந்தது எண்டு இருக்கோ? இரண்டும் இல்லாட்டி, படம் எவ்வளவு மினுங்கினாலும் இறாக்கையில தூசிதான் பிடிக்கும்.

முன்பள்ளி ஆசிரியை, சுன்னாகம்

கடைசிப் பக்கம்தான் எங்களுக்கு வில்லங்கம். சிண்டரெல்லாவில அந்த மனிசியின்ர மகள்மாரின்ர கண்ணைப் புறா கொத்துறது, ஸ்னோ வைற்றில இராணி சுட்ட இரும்புச் சப்பாத்தோட ஆடிச் சாகிறது எல்லாம் ஐந்து வயசுக்கு எப்படிச் சொல்லுறது? விட்டால் "பிறகு அவ எங்க?" எண்டு கேக்குங்கள்.

பதிப்புகளை ஒப்பிட்டு வாசிப்பவர், நல்லூர்

வெட்டவேண்டாம் டீச்சர், வேறு வடிவத்தை எடுங்கள். மென்மையான முடிவைப் புதிதாகச் செய்யத் தேவையில்லை. பெறோவின் சிண்டரெல்லா சகோதரிகளை மன்னித்து, அரண்மனையிலேயே வைத்துக் கலியாணமும் செய்துவைக்கிறாள். கிறிமைவிட 115 வருடம் மூத்த அச்சு அது. கண் கொத்துகிற முடிவு ஒன்பது, பத்து வயதில் தானாக வாசிக்கட்டும்.

சிவப்புத் தொப்பிக்கும் அப்படித்தான். பெறோவில் ஓநாய் விழுங்குவதோடு கதை சரி, காப்பாற்ற யாரும் வரமாட்டார்கள். கிறிமில் வேட்டைக்காரன் வயிற்றைக் கீறி எடுக்கிறான். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் வாய்மொழியாகப் பதிவான ஒரு வடிவத்தில் பிள்ளை தானே தப்புகிறாள். கட்டிலில் கிடந்துகொண்டு "ஒண்டுக்குப் போகோணும்" என்கிறாள். ஓநாய் கட்டிலிலேயே போகச் சொல்கிறது. அவள் விடவில்லை. காலில் கயிறு கட்டி வெளியே அனுப்புகிறது. அவள் கயிற்றை அவிழ்த்து முற்றத்துப் பிளம் மரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்கு ஓடிவிடுகிறாள். அந்த வடிவத்தின் முற்பகுதியில் பாட்டியின் இறைச்சியைத் தின்னக் கொடுக்கிற கட்டம் ஒன்று உண்டு, அதைச் சின்னவர்களுக்குச் சொல்லவேண்டாம். தப்புகிற கட்டம் அதில்லாமலே தனியாக நிற்கும்.

முன்பள்ளி ஆசிரியை, சுன்னாகம்

ஒண்டுக்குப் போறது எண்டால் வகுப்புத் தாங்காது! இந்தச் சிரிப்பு வரட்டும், இது பிள்ளையின்ர பக்கம் நிண்டு சிரிக்கிற சிரிப்பு. பிளம் மரத்தை முருங்கையா மாத்தலாமோ?

தமிழ் ஆசிரியர், பருத்தித்துறை

முருங்கை வேண்டாம். ஓநாய் ஒரு இழுவை இழுத்தால் கொப்பு முறிஞ்சிடும், அதையும் பிள்ளையள் கேக்குங்கள். வேம்பில கட்டுங்கோ.