பியர்டட் டிராகன் வளர்ப்போர் அனுபவங்கள்: தொட்டியின் தரைக்கு எதை நம்பலாம்?

திருநகரிலிருந்து

எங்கள் வீட்டில் உள்ள பியர்டட் டிராகன் என்ற வளர்ப்பு ஓணானை முதலில் வளர்த்தவர், வெளிநாட்டில் வேலை கிடைத்துப் புறப்பட்டபோது எங்களிடம் ஒப்படைத்துச் சென்றார். அதனுடன் வந்த கண்ணாடித் தொட்டியின் அடியில் நீல நிறக் கால்சியம் மணல் இரண்டு விரற்கடை உயரத்துக்கு நிரப்பப்பட்டிருந்தது. பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் வந்த வாரத்தில் அந்த விலங்கு எச்சமிடவே இல்லை. முருங்கைக் கீரையை நாவால் தொட்டுப் பார்த்துவிட்டு விலகியது. பின்னங்கால்களை இழுத்து இழுத்து நடந்தது. ஊர்வனவற்றைப் பார்க்கப் பழகிய கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் எடுத்த எக்ஸ்ரே படத்தில் குடலின் பின்பகுதி முழுவதும் மணல் வெள்ளைத் திட்டாகத் தெரிந்தது.

அவர் சொன்ன விளக்கத்தை இங்கே பதிவு செய்வது அவசியம் என்று நினைக்கிறேன். கால்சியம் மணல் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ‘விழுங்கினாலும் செரித்துவிடும்’ என்று சொல்லி விற்கப்படும் இந்த மணல், அளவுக்கு மீறி உள்ளே போகும்போது இரைப்பையின் அமிலத்தைக் குறைத்துவிடுகிறது. ஈரம் பட்ட இடத்தில் கட்டியாகவும் மாறுகிறது. கால்சியம் குறைந்த ஓணான் அதைத் தேடி நக்குவதும் உண்டு. அத்துடன், மணல் மட்டுமே அடைப்பை உண்டாக்குவதில்லை என்றும், தொட்டியில் சூடு போதாமலும் உடலில் நீர் குறைந்தும் இருக்கும் விலங்குக்குக் குடல் அசைவே மந்தமாகிவிடுவதால், சிறிதளவு மணலையும் அது வெளியேற்ற முடியாமல் போகிறது என்றும் அவர் பொறுமையாக எடுத்துரைத்தார். ஊசி வழியாக நீர்ச்சத்து ஏற்றி, இளஞ்சூடான நீரில் நிற்க வைத்து வயிற்றை மெல்ல நீவிவிட்டு, சூட்டு விளக்கையும் சரிசெய்த பிறகு, அடைப்பு சிறிது சிறிதாக வெளியேறியது. முற்றிய நிலையில் அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருக்குமாம்.

அன்று முதல் தரையில் செய்தித்தாள்தான். அழகில்லை என்பது உண்மை. ஆனால் எச்சத்தின் நிறமும் இறுக்கமும் உடனே கண்ணில் படுகின்றன. பரிசோதனைக்கு மாதிரி எடுப்பது எளிது. காக்சிடியா போன்ற குடல் ஒட்டுண்ணி இருந்தால், எச்சத்தோடு வெளியேறும் அதன் முட்டைகள் தரையில் தங்கி மறுபடியும் வாய்க்குள் போவதற்குள் தாளோடு அகற்றிவிடலாம். குஞ்சுகளுக்கும், நோயுற்றவற்றுக்கும், புதிதாக வந்தவற்றுக்கும் தாளைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மேலூரிலிருந்து

திருநகர் நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். வளர்ந்து நலமாக உள்ள விலங்குக்குக் கல் தரை எப்படி என்பதை மட்டும் சேர்க்கிறேன். கல் வெட்டும் தொழில் நடக்கும் பகுதி என்பதால் எங்களுக்குத் துண்டுக் கல் எளிதில் கிடைக்கிறது. நான் பயன்படுத்துவது சமையலறை அலமாரிக்குப் போடும் கடப்பா கல். அதன் மெருகேற்றாத சொரசொரப்பான பக்கத்தை மேலே வைத்து, வெட்டிய ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கியிருக்கிறேன்.

வீட்டுத் தரைக்குப் போடும் பளபளப்பான விட்ரிஃபைடு டைல்ஸைத் தவிர்க்க வேண்டும். என் மைத்துனர் வீட்டில் அதன்மேல் வளர்ந்த குட்டி, இரையைத் துரத்தும்போதெல்லாம் கால்கள் அகன்று வழுக்கியதை நானே பார்த்திருக்கிறேன். அப்படி வழுக்கிக்கொண்டே வளரும் விலங்கின் மூட்டுகளுக்கு அது நல்லதல்ல. மொட்டை மாடியில் பதிக்கும் தட்டோடு இதற்கு மிகவும் ஏற்றது. விலை குறைவு, பிடிப்பு நன்று, நகமும் நடக்க நடக்கத் தானாகத் தேயும். மெருகு பூசாத சுட்ட மண் என்பதால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே இரண்டு தொகுதி வைத்துக்கொண்டு, ஒன்றைக் கழுவி வெயிலில் காயவைத்து மாற்றி மாற்றிப் போடுகிறேன். மதுரை வெயிலில் அரை நாளில் காய்ந்துவிடும்.

இடுக்குகளில் இரைப் பூச்சிகள் புகுந்துகொண்டால் இரவில் உறங்கும் ஓணானைக் கடிக்கக்கூடும் என்பதால், ஓடுகளை நெருக்கி அடுக்க வேண்டும். சூடு எப்போதும் மேலிருந்து வர வேண்டும். கல்லுக்கு அடியில் சூட்டு விரிப்பு வைப்பதும், மின்சாரத்தில் சூடாகும் செயற்கைக் கல் வைப்பதும் வயிற்றில் தீக்காயத்தை உண்டாக்கியிருக்கின்றன. விளக்கின் கீழுள்ள கல்லின் மேற்பரப்பை வெப்பமானியால் அளந்து, ஏறத்தாழ 40 டிகிரியில் வைத்திருக்கிறேன். மறுமுனை 25 முதல் 28 டிகிரிக்குள் இருப்பது நல்லது. சித்திரை, வைகாசியில் நம் ஊரில் அது எளிதல்ல. அந்நாட்களில் விளக்கை நண்பகலில் அணைத்துவிடுகிறேன். குளிர்ந்த முனையின் கல்மீது வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொள்ளும்.

விளாங்குடியிலிருந்து

ஊர்வனவற்றுக்கென்றே விற்கப்படும் கம்பள விரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஓணானின் நகம் அதன் நூல் வளையத்தில் சிக்கி, விடுவித்துக்கொள்ள இழுத்ததில் விரல் வீங்கிவிட்டது. துவைத்தாலும் வாடை முழுமையாகப் போகவில்லை. இவ்வகை விலங்குகளின் எச்சத்தில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கக்கூடும் என்பதால், சிறு குழந்தை உள்ள வீட்டில் அப்படியொரு விரிப்பை வைத்திருக்க என் மனைவி சம்மதிக்கவில்லை. அவர் சொன்னதே சரி. இப்போது தட்டோடுதான்.

திருமங்கலத்திலிருந்து

நான் மண் தரையின் பக்கம் பேசப் போகிறேன், ஆனால் யாரும் அதை மணல் தரை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பியர்டட் டிராகனின் தாயகம் ஆஸ்திரேலியாவின் உட்பகுதி. அதைப் பாலைவன விலங்கு என்று கேள்விப்பட்டு மணலைக் கொட்டுகிறவர்கள் அதிகம். உண்மையில் அது வாழ்வது வறண்ட புதர்க்காடுகளிலும் பாறைச் சரிவுகளிலும், களிமண் கலந்து இறுகிய செம்மண் நிலத்திலும்தான். மேலூர்ச் சாலையோரத்துச் செம்மண் பொட்டலில் நம் ஊர் ஓணான் வெயில் காய்வதைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலத்தை விளக்க வேண்டியதில்லை. இரண்டும் அகாமிடே என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

உரமோ பூச்சிமருந்தோ படாத செம்மண்ணைச் சலித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மூன்று பங்கு மண்ணுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு கழுவிய மணல் சேர்த்து, நீர் தெளித்துப் பிசைந்து, தொட்டியில் நான்கைந்து அங்குலம் திமிசு போட்டதைப் போல அழுத்தி, முற்றிலும் காய்ந்த பிறகே விலங்கை விடுகிறேன். நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். கையால் அள்ள வரக்கூடாது. எம் சாண்ட் கூடாது. உடைத்த கல்லின் கூர்முனைகளும் தூளும் அதில் உண்டு. எங்கள் பகுதிக் கரிசல் மண்ணையும் முயன்று பார்த்தேன். காய்ந்தவுடன் பாளம் பாளமாக வெடித்து, பூச்சிகளுக்கு ஒளிவிடமாகிவிட்டது.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். என்னிடம் இருப்பது பெண். இணை சேராத பெண்ணும் முட்டையிடும். தோண்ட இடமில்லாவிட்டால் முட்டையை உள்ளே அடக்கிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகிவிடும். கல் தரை வைத்திருக்கும் நண்பர்கள், ஓணான் மூலைகளைப் பிறாண்டத் தொடங்கினால், கையால் பிடித்தால் உருண்டை பிடிக்கும் அளவுக்கு ஈரமான மண்ணும் மணலும் நிறைத்த ஆழமான பெட்டி ஒன்றை உடனே தர வேண்டும். என் ஓணான் மண்ணை மாலை முழுவதும் குடைந்து, முட்டைகளை இட்டு, தலையால் மண்ணைத் தள்ளி மூடியதைப் பார்த்த பிறகு, அதற்குத் தோண்டுவது பொழுதுபோக்கு அல்ல, தேவை என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

திருநகரிலிருந்து மீண்டும்

திருமங்கலம் ஐயா சொன்ன மண் தரை நலமான, வளர்ந்த விலங்குக்குத்தான் என்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். அதிலும் இரையைத் தரையில் விடாமல், வழுவழுப்பான சுவருள்ள கிண்ணத்தில் வைத்தே கொடுக்க வேண்டும். தென்னை நார்க்கழிவைத் தரையாகப் போடலாமா, தொட்டியைப் பினாயிலால் துடைக்கலாமா என்று இரண்டு பேர் தனியே கேட்டிருந்தார்கள். தென்னை நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காய்ந்தால் தூசி பறக்கும். மூச்சுக்குழல் நோய்க்கு இரண்டுமே காரணமாகும். தரை கழுவும் பினாயிலைத் தொட்டிக்குள் பயன்படுத்தவே கூடாது. பீனால் வகை ஊர்வனவற்றுக்கு நஞ்சு. நீர் கலந்த வினிகரால் துடைத்து, வாடை போகும் வரை நல்ல நீரில் கழுவினால் போதும். ஐயா, ஐப்பசி மழையில் மண் ஈரம் ஏறாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?

திருமங்கலத்திலிருந்து

நீர்க் கிண்ணத்தை மண்மேல் வைக்காமல் ஒரு தட்டோட்டின் மேல் வைக்கிறேன். தொட்டியின் மேல்மூடி கம்பி வலையாக இருப்பதால் காற்று ஓடுகிறது. ஈரப்பத அளவி 60 விழுக்காட்டைத் தாண்டிப் பல நாட்கள் நின்றால், மேல் மண்ணை ஓர் அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு உலர்த்தி வைத்த மண்ணைப் போடுகிறேன். அதற்காகவே ஒரு சாக்கு மண் கோடையிலேயே காயவைத்து, கொல்லைப்புறத் திண்ணையில் கட்டி வைத்திருக்கிறேன். திருமங்கலம் பக்கம் யாருக்காவது தேவைப்பட்டால் வந்து எடுத்துச் செல்லலாம்.