இபிஓ ஊசி போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை, டோஸைக் கூட்டலாமா?

கேள்வி:
எடை 60 கிலோ, வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் எரித்ரோபாய்டின் (இபிஓ, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் மருந்து) 4000 யூனிட். எட்டு வாரமாகியும் ஹீமோகுளோபின் 8.2-லேயே நிற்கிறது. ஃபெரிட்டின் 480, டிசாட் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதத்தில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற அளவு) 14%. ஃபெரிட்டின் இவ்வளவு இருந்தால் இரும்புச்சத்து போதும் என்றுதானே அர்த்தம்?

பதில் 1:
இல்லைங்க. ஃபெரிட்டின் காட்டுவது கிடங்கில் கிடக்கும் இரும்பை. எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேரும் இரும்பைக் காட்டுவது டிசாட்; அது 20-க்குக் கீழே இருக்கிறது. உடம்பில் அழற்சி இருந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து இரும்பைக் கிடங்கிலேயே பூட்டிவிடும். அதே அழற்சி ஃபெரிட்டினையும் ஏற்றிக் காட்டும்.

எரித்ரோபாய்டின் மஜ்ஜையில் மடியப்போகும் இளஞ்செல்களைப் பிழைக்க வைக்கிறது. அவற்றுக்குள் ஹீமோகுளோபின் நிரம்ப இரும்பு வேண்டுமே! கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60 கிலோ உடம்பில் ரத்தம் ஏறக்குறைய 40 டெசிலிட்டர். ஹீமோகுளோபின் 2 புள்ளி (டெசிலிட்டருக்கு 2 கிராம்) ஏற 80 கிராம் ஹீமோகுளோபின் வேண்டும். கிராமுக்கு 3.4 மி.கி. வீதம் சுமார் 270 மி.கி. இரும்பு. டயாலிசிஸில் போகும் ரத்தம் இதில் சேரவில்லை. டோஸ் கிலோவுக்கு 67 யூனிட் வருகிறது, குறைவில்லை. அயர்ன் சுக்ரோஸ் (இரும்புச்சத்து ஊசி) 100 மி.கி. வீதம் பத்து டயாலிசிஸில் ஏற்றுவது வழக்கம், டாக்டரிடம் கேளுங்கள்.

பதில் 2:
அதற்கு முன் சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். கிருமித்தொற்று முற்றியிருக்கும்போது நரம்பு வழி இரும்பு கூடாது. கழுத்தில் கதீட்டர் (டயாலிசிஸ் குழாய்) என்றால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். டயாலைசரையும் (ரத்தத்தை வடிகட்டும் இழைகள் உள்ள குழல்) கவனியுங்கள்: ரத்தத்தைத் திருப்பிவிட்ட பிறகு இழைகள் வெளுத்திருக்க வேண்டும். சிவப்புக் கோடுகள் நின்றால் ஒவ்வொரு முறையும் ரத்தம் வீணாகிறது, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போதவில்லை. பிடிஎச் (பாராதைராய்டு ஹார்மோன்), பி12, ஃபோலேட்டும் பார்த்துவிடுங்கள்.

ரெட்டிக்குலோசைட் (புதிதாக உருவான இளம் சிவப்பணு) மிகக் குறைந்து, ஹீமோகுளோபின் வாரத்துக்கு 1 புள்ளி போல இறங்கினால் விஷயம் வேறு. மருந்துக்கு எதிராகவே உடம்பு ஆன்டிபாடி உண்டாக்கியிருக்கலாம். அரிதுதான், ஆனால் ஊசியை உடனே நிறுத்த வேண்டிய நிலை அது.

பதில் 3:
வயல் எங்கே இருக்கிறது? 2–8 டிகிரி வேண்டும். ஃப்ரீசரை ஒட்டி வைத்து உறைந்துபோனால் தூக்கிப் போடுங்கள், குலுக்கவும் கூடாது.

டோஸைக் கூட்டுவதாக இருந்தாலும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 25% அளவில்தான். இரண்டு வாரத்தில் 1 புள்ளிக்கு மேல் ஏறினால் குறைக்க வேண்டும். ஹீமோகுளோபின் 10 முதல் 11.5 போதும். 13-ஐத் தாண்ட வைத்தால் பக்கவாதம், ரத்தக்கட்டு அபாயம். ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் பிரஷர் பாருங்கள்.