ஹாஸ்டல் சாம்பாருக்கு 3,500 ரூபாயா?

வார்டு_அக்கா (இழையைத் தொடங்கியவர்), காலை 8.50

இந்த மன்றத்தின் வேலைவாய்ப்புப் பகுதியில் கணக்குப்புள்ள என்பவர் நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. நைட் டியூட்டி, எப்படியும் தூங்கியிருக்க மாட்டேன், அது வேறு விஷயம். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "தனியார் நர்ஸுக்கு 15,000. ஹாஸ்டல் 4,000, சாப்பாடு 3,500 சேர்த்தால் 22,500. அரசு ஒப்பந்த நர்ஸுக்கு 18,000தான். யாரைப் பார்த்து யார் பொறாமைப்படுவது?"

நான் 2015இல் எம்.ஆர்.பி. (அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி அரசு ஒப்பந்த நர்ஸாக வந்தவள். ஏழாயிரத்துச் சொச்சம் பேர் வந்தோம். தொகுப்பூதியம் 7,700. இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்றார்கள். 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் டி.எம்.எஸ். என்கிற மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் போய்ப் போராட்டமாக உட்கார்ந்தோம். அப்புறம் 14,000, அப்புறம் 18,000. இன்னும் ஒப்பந்தம்தான். அதற்கு முன் மூன்று வருடம் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. இரண்டு பக்கத்துச் சோறும் தின்றவள் என்பதால் கேட்கிறேன். அந்த ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைத் தேட டார்ச் அடிக்க வேண்டும். அதற்கு 3,500 ரூபாயா?

கணக்குப்புள்ள, காலை 9.15

என் பெயரில் இழை திறந்ததற்கு நன்றி. கோவையில் ஒரு ஆஸ்பத்திரியில் சம்பளப் பட்டியல் போடுகிறவன் நான். வெளியே பி.ஜி.யில், அதாவது தனியார் விடுதியில், ஒரு கட்டிலுக்கு 5,000 கேட்கிறார்கள். மெஸ்ஸில் மூன்று வேளைக்கு 3,500க்குக் கீழே எவன் தருகிறான்? நான் குறைத்தே போட்டிருக்கிறேன். சாம்பாரின் விலையைச் சொன்னேன், ருசியைச் சொல்லவில்லை.

வார்டு_அக்கா, காலை 9.22

மூன்று வேளையா? காலை ஏழரைக்கு ஹேண்டோவர் (ஷிப்ட் மாறும்போது வார்டை ஒப்படைப்பது), மெஸ்ஸில் டிபன் எட்டு மணிக்கு. ஐ.சி.யூ.வில் போட்டால் மதியச் சாப்பாடு மூன்றரைக்கு, அதற்குள் ரசம்தான் மிச்சம். நைட் போனால் ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கே மூடி வைத்துவிடுவார்கள், டப்பாவில் எடுத்துப் போக வார்டன் விடமாட்டார். மாதத்தில் பாதி வேளை பிஸ்கட். பிடித்தம் மட்டும் முழு மாதத்துக்கும். சாப்பிடாத சாம்பார் எப்படி ஐயா என் சம்பளம் ஆகும்?

கணக்குப்புள்ள, காலை 9.30

பிடித்தம் செய்தால் அது வேறு கணக்கு. நான் சொன்னது இலவசமாகத் தருகிற இடம். முதலில் வாசியுங்கள். நீங்கள் 18,000 வாங்கிக்கொண்டு வெளியே வாடகை கட்டவில்லையா? அதைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள், கையில் எவ்வளவு நிற்கிறது என்று.

வார்டு_அக்கா, காலை 9.34

வாடகையைப் பற்றி அப்புறம் பேசலாம். 3,500க்குப் பதில் சொல்லுங்கள்.

ரியாத்_ரோஜா, காலை 10.05

அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த விஷயத்தில் கணக்குப்புள்ள சார் சொல்வது அவ்வளவு தப்பாகத் தெரியவில்லை. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாக சவூதி வந்தவள் நான். என் ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் தனி, தங்குமிடம் தனி, சாப்பாட்டுப் படி தனி, ஊருக்குப் போய்வர டிக்கெட் தனி. வருமான வரி கிடையாது. சம்பளம் எவ்வளவு என்று ஊரில் கேட்டால் எல்லாவற்றையும் கூட்டித்தான் சொல்கிறோம். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் கூட்டியே சொல்வோம்.

வார்டு_அக்கா, காலை 10.11

ரோஜா, உனக்குச் சாப்பாட்டுப் படி காசாகக் கையில் வருகிறது. நீ சமைக்கலாம், பட்டினி கிடந்து ஊருக்கும் அனுப்பலாம். எனக்குக் கொடுத்தது சாம்பார். சாம்பாரை வெஸ்டர்ன் யூனியனில் அனுப்ப முடியுமா?

கணக்குப்புள்ள, காலை 10.14

ரோஜா மேடத்துக்கு நன்றி. ரியாத்தில் கட்டில் கொடுத்தால் சம்பளத்தில் சேரும், கோவை காந்திபுரத்தில் கொடுத்தால் சேராது. நல்ல நியாயம்.

புதுவை_ஆபீசர், காலை 11.02

முதலில் "நர்ஸ்" என்று எழுதுவதை நிறுத்துங்கள். மத்திய அரசு 2016இலேயே பெயரை நர்சிங் ஆபீசர் என்று மாற்றிவிட்டது. எங்களுக்கு 7ஆவது ஊதியக் குழுப்படி லெவல் 7, அடிப்படை 44,900. அதன் மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. நர்சிங் அலவன்ஸ் 7,200 என்று வைத்தார்கள், அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதும் 9,000 ஆனது. உடைக்குத் தனிப்படி. இந்த இழையில் சாம்பார் கணக்கைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. படித்துத் தேர்வு எழுதலாமே.

வார்டு_அக்கா, காலை 11.08

வருத்தத்துக்கு நன்றி ஆபீசர். நானும் தேர்வு எழுதித்தான் வந்தேன். எனக்கும் உங்களுக்கும் ஊசி ஒன்றுதான், நரம்பு ஒன்றுதான். உங்கள் அலவன்ஸையும் உடைப்படியையும் கூட்டினால் என் சம்பளத்தில் பாதிக்கு மேல் வந்துவிடும் போலிருக்கிறது. சரி, உங்கள் படிகளில் எங்காவது சாம்பார் படி என்று இருக்கிறதா? இல்லை அல்லவா. கணக்குப்புள்ள, கவனித்தீர்களா?

புதுவை_ஆபீசர், காலை 11.10

என்னை உங்கள் சண்டைக்குள் இழுக்க வேண்டாம்.

கணக்குப்புள்ள, காலை 11.12

தானாக வந்து விழுந்துவிட்டு இழுக்க வேண்டாமாம்.

லீட்ஸ்_தம்பி, மதியம் 1.40

இங்கே இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் எல்லாம் வெளிப்படை. நர்ஸ் சேரும் சம்பள நிலையான பேண்ட் 5இன் தொடக்கச் சம்பளம் 2025-26க்கு ஆண்டுக்கு 31,049 பவுண்ட். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஒளிவு மறைவு கிடையாது. இரவு, ஞாயிறு என்றால் கூடுதல். ஹாஸ்டல், சாப்பாடு என்ற பேச்சே இல்லை. ரூபாயில் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும்.

கணக்குப்புள்ள, மதியம் 1.52

தலை சுற்றவில்லை தம்பி, போட்டுப் பார்த்தேன். 12,570 பவுண்டுக்கு மேல் 20 சதவீத வரி, தேசியக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம். மாதம் கையில் 2,000 பவுண்ட் அளவில் வரும். அறை வாடகை எவ்வளவு கொடுக்கிறீர்கள்?

லீட்ஸ்_தம்பி, மதியம் 1.58

650. ஹீட்டிங் தனி. ஆனால் அது என் சொந்த விஷயம்.

கணக்குப்புள்ள, மதியம் 2.00

இதைத்தான் நேற்றிலிருந்து கத்துகிறேன்! இவருக்கு அந்த 650 மிச்சமானால் சம்பளம் கூடியதாகத்தானே அர்த்தம்? கட்டில் என்பது காசு.

வார்டு_அக்கா, மதியம் 2.03

கட்டிலுக்கு ஓடிவிட்டார் பார்த்தீர்களா! கட்டிலைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னேனா? என் கேள்வி சாம்பார். போன வருடம் தீபாவளி போனஸ் இழையிலும் இப்படித்தான், மாட்டிக்கொண்டதும் பேச்சை மாற்றினார், மறுநாள் பதிவையே அழித்துவிட்டார். பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும்.

கணக்குப்புள்ள, மதியம் 2.06

அழித்தது நிர்வாகி. நான் இல்லை. இதை நான்காவது முறையாகச் சொல்கிறேன்.

குமரி_மேற்கு, மதியம் 2.45

சாம்பாரை இறக்கி வையுங்கள் இரண்டு பேரும். எங்கள் மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை தாண்டினால் கேரளம். அங்கே 2017இல் நர்ஸ்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், 2018 ஏப்ரலில் குறைந்தபட்சம் 20,000 என்று அரசாணையே வந்துவிட்டது. அதற்கு அடிப்படை, 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழுவின் பரிந்துரை. 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம். 100க்கு மேல் என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை 25 சதவீதம். 50 படுக்கைக்கும் கீழே இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியிலேயே 20,000. கணக்குப்புள்ள சார், உங்கள் ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை?

கணக்குப்புள்ள, மதியம் 2.51

அது பரிந்துரை, சட்டம் அல்ல.

குமரி_மேற்கு, மதியம் 2.52

எத்தனை படுக்கை?

கணக்குப்புள்ள, மதியம் 2.58

இந்த இழையின் தலைப்பு படுக்கை அல்ல, சாம்பார். தலைப்பை ஒட்டிப் பேசவும்.

வார்டு_அக்கா, மதியம் 3.00

இப்போது சாம்பார் இனிக்கிறதோ!

சட்டம்_படிப்பவன், மாலை 4.20

ஒரு சிறு விளக்கம். 1948ஆம் ஆண்டு குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் விளக்கப் பிரிவிலேயே ஊதியம் என்றால் என்ன என்று இருந்தது. தங்குமிடம், விளக்கு, தண்ணீர், மருத்துவ வசதி இவற்றின் மதிப்பு ஊதியத்தில் சேராது என்றது. அதன் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2019 ஊதியத் தொகுப்புச் சட்டமும் தங்குமிடத்தை விலக்குகிறது. ஆனால் ஊதியத்துக்குப் பதிலாகப் பொருளாகத் தருவதை மொத்தத்தில் 15 சதவீதம் வரை ஊதியமாகக் கொள்ளலாம் என்கிறது. ஆகவே அடிப்படை ஊதியம், மொத்த ஊதியம், கைக்கு வருவது, நிறுவனத்துக்கு ஆகும் செலவு என நான்கையும் முதலில் பிரித்துக்கொண்டு பேசினால் நல்லது.

கணக்குப்புள்ள, மாலை 4.24

15 சதவீதம் சேரும் என்று சட்டமே சொல்லிவிட்டது. நன்றி வணக்கம்.

வார்டு_அக்கா, மாலை 4.25

சேராது என்று சட்டமே சொல்லிவிட்டது. நன்றி தம்பி.

சட்டம்_படிப்பவன், மாலை 4.31

நான் சொன்னது அதுவல்ல. முழுதாகப் படியுங்கள்.

சொல்லாய்வன், மாலை 5.10

இவ்வளவு நேரம் பேசுகிறீர்கள், "சம்பளம்" என்ற சொல்லை ஒருவராவது யோசித்தீர்களா? சம்பா என்பது நெல், அளம் என்பது உப்பு. உழைத்தவனுக்கு நெல்லும் உப்பும் அளந்தார்கள், அது சம்பளம் ஆயிற்று. ஆக, சோறுதான் சம்பளம்.

பழைய_ஏடு, மாலை 5.32

இது வாட்ஸ்அப் சொல்லாய்வு. வடமொழியில் "சம்பல" என்றால் வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் உணவு. அங்கிருந்து வந்த சொல் இது.

சொல்லாய்வன், மாலை 5.35

எதை எடுத்தாலும் வடமொழி. உங்கள் அரசியல் எல்லோருக்கும் தெரியும்.

கணக்குப்புள்ள, மாலை 5.37

ஐயா, இரண்டு பேரும் சண்டை போடுங்கள், எனக்குக் கவலை இல்லை. நெல் என்றாலும் சோறு, கட்டுச்சாதம் என்றாலும் சோறு. சம்பளத்தில் சோறு சேரும் என்று இரண்டு கட்சியும் ஒப்புக்கொண்டது பதிவாகட்டும்.

வார்டு_அக்கா, மாலை 5.44

அப்படியே செய்யுங்கள். அடுத்த மாதம் முதல் உங்கள் முதலாளி உங்களுக்குச் சம்பா நெல்லாக அளக்கட்டும். வீட்டுக் கடன் தவணைக்கு ஒரு மரக்கால், பையன் ஸ்கூல் ஃபீஸுக்கு இரண்டு மரக்கால் கொண்டுபோய்க் கட்டுங்கள். வாங்கிக்கொள்வார்களா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். பேசுவதெல்லாம் நர்ஸ் சம்பளம், ஆனால் சோற்றால் சம்பளம் வாங்கலாம் என்று சொல்கிறவர் யாரும் சோற்றால் வாங்குகிறவர் இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த மதுரை ஆஸ்பத்திரியில் நான் வேலையை விடும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டைத் தர நான்கு மாதம் இழுத்தார்கள். மெஸ் பாக்கி என்று 1,200 எழுதிக் காட்டினார்கள். இலவசம் என்று சேர்த்த அதே மெஸ். சேரும்போது சம்பளம், போகும்போது கடன். இதற்கு உங்கள் பட்டியலில் எந்தக் கட்டம்?

ரியாத்_ரோஜா, மாலை 6.15

சர்டிபிகேட் விஷயம் எனக்கும் நடந்தது அக்கா. அதனால்தான் விமானம் ஏறினேன். ஆனாலும் கட்டில் கணக்கில் சார் பக்கம்தான்.

வார்டு_அக்கா, மாலை 6.17

நீ மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசு போ.

புதுவை_ஆபீசர், மாலை 6.40

டிப்ளமோ முடித்தவர்களும் பி.எஸ்சி. முடித்தவர்களும் ஒரே சம்பளம் கேட்பதுதான் அடிப்படைப் பிரச்சினை என்று நினைக்கிறேன்.

குமரி_மேற்கு, மாலை 6.44

ஆபீசர், இதை வேறு இழையாகத் திறந்து நீங்களே அடி வாங்கிக்கொள்ளுங்கள். கணக்குப்புள்ள சார், எத்தனை படுக்கை?

லீட்ஸ்_தம்பி, இரவு 7.30

இங்கே டிப்ளமோவுக்கும் பேண்ட் 5தான். ஆங்கிலத் தேர்வும் நர்சிங் தேர்வும் பாஸ் ஆனால் போதும். சும்மா சொன்னேன்.

வார்டு_அக்கா, இரவு 7.33

தம்பி, லீட்ஸில் சாம்பாருக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள்?

லீட்ஸ்_தம்பி, இரவு 7.36

சாம்பாரே இல்லை அக்கா. அதுதான் கஷ்டம்.

கணக்குப்புள்ள, இரவு 7.41

சாம்பார் இல்லாத குறை அவருக்குத் தெரிகிறது. இருந்தவர்களுக்கு அருமை தெரியவில்லை. சரி, உங்கள் திருப்திக்காக 3,500ஐ 3,000 என்று வைத்துக்கொள்ளலாம். அப்போதும் 22,000. அப்போதும் 18,000ஐவிட 4,000 கூட.

வார்டு_அக்கா, இரவு 7.46

என்னிடமே பேரம் பேசுகிறாரே, காய்கறிக்கடையா இது? காலையில் 3,500, ராத்திரி 3,000. ஒரே நாளில் சாம்பார் 500 ரூபாய் இறங்கிவிட்டது. நாளைக் காலைக்குள் 2,000க்கு வருவார் பாருங்கள். எட்டு மணிக்கு எனக்கு ஹேண்டோவர், இப்போது கிளம்பினால்தான் பஸ். யாரும் இழையைப் பூட்டிவிட வேண்டாம். விடிந்ததும் வந்து அந்த மெஸ் உப்புமாவைப் பற்றி எழுதுகிறேன்.

கணக்குப்புள்ள, இரவு 7.49

உப்புமா ரவையா, சேமியாவா? சொல்லிவிட்டுப் போங்கள், விலை வேறு வேறு.