மறு: விழிப்பு மூலமா, எழுப்பியா?

அன்புள்ள நண்பர்களே,

உறங்கும் கணினியை எழுப்புவது எதுவோ அதைக் குறிக்கும் 'வேக் சோர்ஸ்' என்பதற்கு 'விழிப்பு மூலம்' என்ற முன்மொழிவைப் படித்தேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விழித்தல் தன்வினை, கணினி தானாக விழிப்பதில்லை.

கணினியின் மின்மேலாண்மைக்கான ஏசிபிஐ தரநிலை எஸ்3 என்று குறிக்கும் உறக்கத்தில் நினைவகம் மட்டும் தன் தரவை இழக்காமல் இருக்கும். செயலி அணைந்து கிடக்கும். அணைந்த செயலியால் எந்த முடிவும் எடுக்க முடியாது. ஆனால் மேசைக்கணினியின் மின்வழங்கியிலிருந்து 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் தாய்ப்பலகைக்கு வந்துகொண்டே இருக்கும். அதன் தயவில் விசைப்பலகையோ, சுட்டியோ, பிணைய அட்டையோ குறிப்பு அனுப்பினால் கணினி எழும். தாய்ப்பலகையில் உள்ள நிகழ்நேரக் கடிகாரமும் எழுப்பலாம். ஆகவே பிறவினைச் சொல்லே தொழில்நுட்பத்துக்கும் சரியானது. வழங்கி, உலாவி, உணரி என்ற வரிசையில் 'எழுப்பி' இயல்பாகச் சேர்ந்துகொள்கிறது. வினையெச்சத்தோடு குழம்புமே என்று கேட்கலாம். வழங்கியும் உலாவியும் வினையெச்சங்களாகவும் வருபவைதாம்; அவற்றால் யாரும் தடுமாறவில்லை.

'துயிலெடை'யும் என் மனத்தில் இருந்தது. உறங்கும் மன்னனைச் சூதர் ஏத்தி எழுப்புவதைப் பாடாண் திணையில் துயிலெடை நிலை என்பார்கள். அழகான சொல், பொருளும் பொருத்தம். ஆனால் அமைப்புப் பட்டியலில் அதைப் பார்க்கும் ஒருவர் அகராதியைத் தேட வேண்டியிருக்கும். எழுப்பிக்கு விளக்கம் வேண்டாம்.

இன்னொரு சொல்லும் உடனே தேவை. அண்மையில் ஓர் அச்சகத்தின் கணினியைப் பார்த்தேன். இரவில் உறங்க வைத்துவிட்டுப் போனால் காலையில் ஓடிக்கொண்டிருக்கும். மின்சார அமைப்புகளைக் காட்டும் விண்டோஸின் பவர்சிஎஃப்ஜி கட்டளையைக் கொண்டு, கடைசியாக எழுப்பியது எது என்று பார்த்ததில் பிணைய அட்டை என்று வந்தது. அட்டையின் பண்புகளில் 'மேஜிக் பாக்கெட் வந்தால் மட்டும் எழுப்பு' என்ற பெட்டியில் குறி இல்லை. மேஜிக் பாக்கெட் என்பது கணினியை எழுப்பவென்றே பிணையத்தில் அனுப்பும் தரவுப் பொதி. அதனால் சாதாரணப் பிணையப் போக்குவரத்தே கணினியைத் தட்டி எழுப்பியிருக்கிறது. குறியிட்டதும் அது நின்றது.

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. எழுந்த கணினியை யாரும் தொடாவிட்டால், விண்டோஸின் இயல்பமைப்பில் 2 நிமிடத்தில் அது மீண்டும் உறங்கியிருக்க வேண்டும். காலை வரை ஏன் ஓடியது? அதே கட்டளையில் மின்கோரிக்கைகளின், அதாவது கணினியை உறங்க விடாதே என்று நிரல்களும் இயக்கிகளும் வைக்கும் கோரிக்கைகளின், பட்டியலைக் கேட்டபோது, ஒலி இயக்கி 'ஒலி ஓடிக்கொண்டிருக்கிறது' என்று சொல்லி உறக்கத்தைத் தடுத்துவைத்திருந்தது தெரிந்தது. பிணைய அட்டை எழுப்பியது. ஒலி இயக்கி உறங்க விடவில்லை. கோளாறுகள் இரண்டு, தீர்வுகளும் இரண்டு. பயனரோ 'தூங்க மாட்டேன் என்கிறது' என்று ஒரே வாக்கியத்தில்தான் சொல்வார். உதவி செய்பவர் முதலில் இவற்றைப் பிரித்துக் கேட்க வேண்டும். அதற்குத் தமிழில் இரண்டு சொற்கள் வேண்டும். இரண்டாவதற்கு 'உறக்கத்தடை' என்று முன்மொழிகிறேன். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி 'இன்ஹிபிட்டர்' என்று பட்டியலிடுவதற்கும் இதே சொல் போதும். 'உறக்கத் தடுப்பான்' என்றும் சொல்லலாம்தான். தடுப்பான் என்றதும் கருவி ஒன்று நினைவுக்கு வருகிறது. இங்கே தடுப்பது ஒரு கோரிக்கை. அதனால் தடையே மேல்.

அந்த முன்மொழிவில் மேஜிக் பாக்கெட்டை 'மாயப்பொதி' என்று எழுதியிருந்ததையும் மாற்றலாம். அதில் மாயம் எதுவும் இல்லை. 255 என்ற மதிப்புள்ள 6 பைட்டுகள், அவற்றைத் தொடர்ந்து அந்த அட்டையின் 6 பைட் முகவரி 16 முறை, ஆக 102 பைட்டுகள். தன் முகவரி இப்படி அடுக்கடுக்காக வந்தால் அட்டை கணினியை எழுப்பும். செய்யும் வேலையை வைத்து 'எழுப்புப் பொதி' என்றால் படிப்பவருக்கு அதன் பயன் உடனே புரியும்.

குறித்த நேரத்தில் கணினியை எழுப்பும் 'வேக் டைமர்' பற்றி எனக்கு இன்னும் தெளிவு இல்லை. 'எழுப்பு மணி' என்றால் ஒலி எழும் என்று நினைப்பார்கள். நிகழ்நேரக் கடிகாரம் சத்தமின்றி எழுப்புகிறது. இப்போதைக்கு 'எழுப்பு நேரம்' என்று வைத்திருக்கிறேன். மின்திட்ட அமைப்பில் 'எழுப்பு நேரங்களை அனுமதி' என்றும், அதன் தெரிவுகளில் 'முக்கியமான எழுப்பு நேரங்கள் மட்டும்' என்றும் இட்டுப் பார்த்தேன். படிக்க இடறவில்லை. ஆனால் ஒரு நேரத்தைக் குறித்துவைக்கும் பொறிமுறையையே 'நேரம்' என்பது போதுமா என்று, இடைமுகங்களை மொழிபெயர்த்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.