ஸ்லீவ் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது, வீட்டில் எப்படித் தயாராவது?

திண்டுக்கல் டீச்சர்:

வணக்கம். வயது 36, உயரம் 156 செ.மீ., எடை 104 கிலோ. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறேன். படியேறினால் முட்டி வலி, இரவில் குறட்டை. நடைப்பயிற்சி, பேலியோ, கொள்ளுக் கஞ்சி எல்லாம் பார்த்தாகிவிட்டது. குறையும், அப்புறம் குறைந்ததற்கு மேல் ஏறிவிடும். மதுரையில் எண்டோஸ்கோப்பி, ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து, அடுத்த மாதம் ஸ்லீவ் (எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன்) செய்ய நாள் குறித்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும் என்று டாக்டர் பொறுமையாகச் சொல்லிவிட்டார். எனக்குப் பயம் வீட்டுக்கு வந்த பிறகுதான். முட்டை மட்டும் சேர்க்கும் சைவ வீடு. சமையல் மாமியார் கையில். "நல்லா இருக்கிற வயித்த ஏம்மா அறுக்கணும்" என்று தினமும் கேட்கிறார். ஆபரேஷனுக்கு முன் இரண்டு வார டயட் அவசியம்தானா? பள்ளிக்கு எத்தனை நாள் லீவு போடுவது? முடி கொட்டும் என்கிறார்களே, அது நிற்குமா? செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்.

கலா, ஈரோடு:

டீச்சர், அடுத்த முறை டயட்டீஷியனைப் பார்க்கப் போகும்போது மாமியாரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. எனக்கும் ஸ்லீவ்தான், இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் ஒரு வாழைப்பழ அளவில் குழாயாக நிற்கும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடும். ஆனால் வயிற்றை மாற்றிய டாக்டர் நம் அடுப்படியை மாற்றித் தர மாட்டார். மருமகள் ஒரு கிண்ணம் ரசத்தோடு எழுந்து போவதைப் பார்த்து எந்தப் பெரியவருக்கும் மனசு கேட்காது. "இன்னும் ஒரு வாய்" என்று பிரியமாகத்தான் சொல்வார்கள். அந்த ஒரு வாய்தான் நமக்கு வாந்தியில் முடியும். நாம் சொன்னால் எடுபடாது. வெள்ளைக் கோட்டு போட்டவர் ஒருமுறை சொன்னால் போதும்.

எங்கள் அத்தையிடம் டயட்டீஷியன் 30 மில்லி மருந்துக் கப் ஒன்றைக் கொடுத்து, "முதல் வாரம் ஒரு தடவைக்கு இவ்வளவுதான்" என்றார். அதற்கப்புறம் அத்தையே கணக்குப்பிள்ளை ஆகிவிட்டார். ரசத்தை இரண்டு முறை வடிகட்டி, காரமும் புளியும் குறைத்து, அந்தக் கப்பில் ஊற்றிக் கையில் தருவார். வாயளவு உறிஞ்சுவேன், வைப்பேன், நெஞ்சுக்குள் அது இறங்குவது தெரியும், பிறகு அடுத்த வாய். ஒரு கப் முடிய கால் மணி நேரம் பிடிக்கும். கூடவே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். அந்த நாட்களைக் கடந்தது பாதிக்கு மேல் அவரால்தான்.

இரண்டு வார டயட் கட்டாயம். கல்லீரலின் இடது பக்கம் இரைப்பையின் மேல் படர்ந்திருக்கிறது. நமக்கெல்லாம் அதில் கொழுப்பு ஏறிப் பருத்திருக்கும். சிறு துளை வழியாகச் செய்கிற ஆபரேஷனில் அதைத் தூக்கி ஒதுக்கினால்தான் கையாள இடம் கிடைக்கும். மாவுச்சத்தைக் குறைத்தால் இரண்டே வாரத்தில் அது கண்கூடாகச் சுருங்கும். அதனால் "போவதற்கு முன் ஆசைக்கு ஒரு நெய் ரோஸ்ட்" என்று யார் அழைத்தாலும் போகாதீர்கள். முதல் சில நாள் தலைவலியும் எரிச்சலும் இருக்கும், அடங்கிவிடும். நீங்கள் சர்க்கரை மாத்திரை போடுவதால், அந்த இரண்டு வாரத்துக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். குறட்டையையும் சொல்லிவிடுங்கள். தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று முன்னாலேயே பார்ப்பது மயக்க மருந்து கொடுப்பவருக்கு முக்கியம்.

புரோட்டீன் பவுடரைப் பெரிய டப்பாவாக வாங்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு நாக்கின் ருசி மாறும். முன்பு பிடித்த சாக்லேட் வாசனையே எனக்குக் குமட்டியது. சின்ன பாக்கெட்டாக இரண்டு மூன்று வகை வாங்கி வையுங்கள்.

ஏன் இவ்வளவு பாடு என்றால், ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் உள்ளே போக வேண்டும். சைவ வீட்டில் இது லேசான வேலை இல்லை. ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு தம்ளர் பாலிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 100 கிராம் பனீரில் 18 வரை வரும், ஆனால் ஆரம்பத்தில் அவ்வளவு பனீர் சாப்பிடவே முடியாது. பெரியவர்கள் ஆசையாகக் காய்ச்சித் தருகிற சத்துமாவுக் கஞ்சியில் பெரும்பகுதி மாவுச்சத்து, வயிறு அதிலேயே நிறைந்துவிடும். தட்டில் முதலில் புரதம், அப்புறம் காய், இடமிருந்தால் மட்டும் சோறு. காலங்காலமாகச் சோற்றை நடுவில் வைத்துப் பழகிய நமக்கு இந்த வரிசை வரவே மாதங்கள் ஆகும்.

உணவு முதலில் தெளிந்த நீர், அப்புறம் பால், மோர், பருப்புத் தண்ணீர், பிறகு மிக்ஸியில் அரைத்தது, பிறகு மசித்தது என்று படிப்படியாகப் போகும். வழக்கமான சாப்பாட்டுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மாதம். உங்கள் ஆஸ்பத்திரி தருகிற அட்டவணைதான் கணக்கு. வேகமாக விழுங்கினால் நெஞ்சில் கல் வைத்தது மாதிரி அடைத்து, வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும். கெட்டிச் சோறு, பிரெட், காய்ந்த பனீர் மூன்றும் எனக்கு அப்படி அடைத்தவை. சாப்பிடும்போது தண்ணீரும் கூடாது, முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான். தட்டுப் பக்கத்தில் தண்ணீர்ச் செம்பே வைக்காதீர்கள், இருந்தால் கை தானாகப் போகும்.

முடி கொட்டும், மறைக்க மாட்டேன். மூன்றாவது மாதம் வாக்கில் சீப்பு நிறைய வந்தது, அழுதிருக்கிறேன். உடல் சட்டென்று இளைக்கும் அதிர்ச்சியில் வருவது அது. சில மாதத்தில் நின்று திரும்ப வளரும். புரதமும் இரும்புச்சத்தும் குறைந்தால் மட்டும் நீண்டுகொண்டே போகும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை ஆயுளுக்கும் விடக்கூடாது. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடாமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

லீவு மூன்று வாரம் போடுங்கள்.

சர்ஜரி வார்டு நர்ஸ்:

கலா அக்கா சொன்னதோடு இதையும் மாமியாருக்கும் கணவருக்கும் சொல்லி வையுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு சும்மா படுத்திருக்கும்போதே நாடித்துடிப்பு 120-க்கு மேல் ஓடினால், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, மூச்சு வாங்கல், ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலி என்று எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தையல் போட்ட இடத்தில் கசிவோ, காலிலோ நுரையீரலிலோ ரத்தக் கட்டியோ இருக்கலாம். ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள். முதல் ஓரிரு நாள் தோள்பட்டையில் வரும் வலி வேறு, அது ஆபரேஷனில் வயிற்றுக்குள் செலுத்திய வாயுவால் வருவது, நடந்தால் குறையும். ஆபரேஷன் அன்று மாலையே நடக்கச் சொல்வோம், கோபப்படாதீர்கள்.

இன்னொன்று. நாள் கணக்கில் வாந்தி நிற்காமல் இருந்தால் பக்கத்து கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக்கொண்டு வந்துவிடாதீர்கள். தயமின் என்ற பி1 வைட்டமின் குறைந்திருக்கும்போது முதலில் அதைக் கொடுத்துவிட்டுத்தான் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் மூளையையே பாதிக்கலாம். எந்த டாக்டரிடம் போனாலும் "எனக்கு ஸ்லீவ் ஆகியிருக்கிறது" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்கட்டும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் குறைந்தது 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடுங்கள். எடை குறையும்போது கரு தங்கும் வாய்ப்பு கூடும், அதனால் கருத்தடை பற்றி இப்போதே பேசிவிடுங்கள்.

சேகர், சேலம்:

எனக்கு இரைப்பை பைபாஸ், இதுவும் எடை குறைக்கும் ஆபரேஷன்தான். கட்டுப்படாத சர்க்கரை, நெஞ்செரிச்சல் இரண்டும் இருந்ததால் அதைச் செய்தார்கள். ஸ்லீவுக்குப் பிறகு சிலருக்கு நெஞ்செரிச்சல் கூடுவதுண்டு, உங்களுக்கு ஏற்கெனவே இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். எனக்கு இனிப்பு ஆகாது. பாதுஷா ஒரு துண்டு தின்றால் அரை மணிக்குள் வியர்த்து, படபடத்து, வயிறு கலக்கிவிடும்.

இன்ஷூரன்ஸ் விசாரித்தீர்களா? பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) 40-க்கு மேல் இருந்தால், அல்லது 35-க்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்றவை இருந்தால், "உடல்பருமன் சிகிச்சைக்குப் பணம் கிடையாது" என்ற பாலிசி விலக்கைக் காட்டி கிளெய்மை மறுக்கக்கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதி. உங்கள் கணக்கு 42-க்கு மேல் வருகிறது. பாலிசியில் காத்திருப்புக் காலம் முடிந்ததா என்று பாருங்கள். உணவுக் கட்டுப்பாடு முயன்று பலன் இல்லை என்பதையும் டாக்டர் எழுதித் தர வேண்டும். முன் அனுமதி வாங்காமல் அட்மிட் ஆகாதீர்கள்.

திண்டுக்கல் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. கலா அக்கா, உங்கள் பதிவை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "எப்போ போகணும்?" என்று மட்டும் கேட்டார். வியாழக்கிழமை கூட்டிப்போகிறேன். ஒரு சந்தேகம். தினமும் ஆறு பீரியட் நின்று பேசுகிற வேலை. எப்படிச் சமாளிப்பது?

கலா, ஈரோடு:

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் டீச்சர்.

பேசுகிறவர்களுக்குத் தண்ணீர்தான் பிரச்சினை. ஒரேயடியாகக் குடிக்க முடியாது, குடிக்காவிட்டால் தலை சுற்றும். அரை லிட்டர் பாட்டிலை மேஜையில் வைத்து, கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு வாய். மதியத்துக்கு அரைமணி இடைவேளைதான் என்றால், டப்பாவில் பனீரை உதிர்த்து ஈரப்பதமாகச் செய்த புர்ஜி அல்லது கெட்டித் தயிரில் மசித்த முட்டை. நான்கைந்து டீஸ்பூனில் வயிறு "போதும்" என்று சொல்லும். மிச்சம் இருந்தாலும் மூடிவிடுங்கள். பக்கத்து டீச்சர்கள் நீட்டுகிற டப்பாவுக்கு, "டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார்" என்ற ஒரே பதிலைத் தயாராக வைத்திருங்கள். விளக்கம் சொல்லத் தொடங்கினால் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும்.

நோட்டுக் கட்டைத் தூக்குவதை ஆறு வாரம் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். வியாழன் போய் வந்து டயட்டீஷியன் தந்த அட்டவணையைப் போடுங்கள், சைவத்துக்கு என்னென்ன மாற்றிக்கொள்ளலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.